அடுத்தவர் நிரப்பிய தோட்டா

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் என் மகன் ரிவோல்வருக்குத் தோட்டா நிரப்பப் பழகினான். இந்த வசனத்தை எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தால், வேறு யாருடைய வீட்டையோ பற்றி எழுதியதுபோல இருக்கிறது. வெடிச்சத்தம் கேட்காத ஒரு நாட்டில் பிள்ளையை வளர்க்கவேண்டும் என்று வந்தவன் நான். கவுன்சிலில் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை. சுவருக்கும் அடுத்த வீட்டு வேலிக்கும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்று நாள் முழுக்கப் பார்ப்பவன். அப்படிப்பட்டவனுடைய வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, சுவரோடு போல்ட் அடித்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு துவக்கு இருந்தது.

அவனை அந்தப் பக்கம் கூட்டிப்போனவர் என் மனைவியின் அண்ணன். சுவிஸில் நெடுங்காலம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவர். அங்கே ஹோட்டலில் கோப்பை கழுவத் தொடங்கித் தலைமைச் சமையல்காரராக உயர்ந்தவர். இங்கே வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டி இருந்தது. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பலசரக்குக் கடை போட்டார். சுவிஸில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊராரோடு சேர்ந்து சுடப் போவாராம். லண்டனில் அவருக்குப் பழசில் மிஞ்சியது அது ஒன்றுதான். எஸெக்ஸ் பக்கம் இலக்குச் சுடும் ஒரு கிளப்பில் சேர்ந்தார். என் மகனையும் சேர்த்துவிட்டார்.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கிக்குத் தடை. ஆனால் குழலை நீளமாக வைத்து, பிடியின் பின்னால் வால்போல ஒரு கம்பியையும் நீட்டிவிட்டால், சட்டம் அதைக் கைத்துப்பாக்கி என்று பார்ப்பதில்லை. அப்படி ஒரு ரிவோல்வர்தான் மகன் வாங்கியது. பெட்டி சரியாகப் பூட்டப்படுகிறதா என்று பார்க்க வந்த பொலிஸ்காரர் எங்கள் வீட்டில் தேநீர் குடித்தார். தகப்பனுக்கு விருப்பமில்லை என்றால் என்ன செய்யலாம் என்று அவரிடம் கேட்டேன். “உங்கள் மகன் வளர்ந்த ஆள்” என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

தடுக்க முடியாது என்று தெரிந்ததும் ஒரு நிபந்தனை போட்டேன். கடையில் வாங்கும் தோட்டா விலை கூட. அதனால் கிளப்பில் பலரும் சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி, புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். மகனும் அதைச் செய்ய விரும்பினான். செய்வதானால் என் கண் முன்னால், பகலில், சாப்பாட்டு மேசையில் செய்யவேண்டும் என்றேன். அவன் ஒத்துக்கொண்டான். கோதுக்குள் குண்டை இறுக்க ஒரு கைநெம்பு அழுத்தியும் சின்னத் தராசும் தடித்த புத்தகம் ஒன்றும் வந்தன. புத்தகத்தை நான்தான் முதலில் முழுவதும் வாசித்தேன். விதிகளை வாசிப்பது என் தொழில்.

அதில் ஒவ்வொரு குண்டுக்கும், ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று தொடங்கவேண்டிய அளவு, மற்றது தாண்டக்கூடாத அளவு. எப்போதும் முதலாவதில் தொடங்கு. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. ஒவ்வொரு படியிலும் சுட்ட கோதை எடுத்துப் பார். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரிலிருந்து அது இலகுவாக வரவில்லை என்றால் நிறுத்து, இறங்கு. மருந்தோ குண்டோ, ஏன் கோதின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரோ மாறினால், திரும்பவும் அடியிலிருந்து வா. அந்தப் பொழுதுபோக்கில் என்னைப் போன்ற பயந்தவர்களுக்காக எழுதப்பட்ட பகுதி அது ஒன்றுதான்.

“தொடக்க அளவிலும் பாதியைப் போட்டால் என்னடா?” என்று மகனிடம் கேட்டேன்.

“ஏலாது அப்பா. குறைச்சலும் டேஞ்சர். குண்டு குழலுக்குள்ள சிக்கிக்கொள்ளும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் முடிஞ்சுது.”

என் பயத்துக்கும் ஒரு எல்லை போட்டு வைத்திருந்தார்கள்.

ஆக, தொடக்க அளவு. அவன் நிறுப்பான். நான் மேசை விளக்கைச் சரித்துப் பிடிப்பேன். மரத் தட்டில் கோதுகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இந்த மருந்து கோதின் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். மறதியில் ஒன்றுக்கு இருமுறை ஊற்றினாலும் வழியாது. கண்ணால் பார்த்தால்தான் உண்டு. முதல்நாள் சுட்டுவிட்டு வந்து, “மெல்லமாத்தான் அடிக்குது அப்பா, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில போய் விழுது” என்றான். எனக்கு அது போதும்.

அவனுடைய மாமாவுக்குப் போதவில்லை. ஒரு ஞாயிறு மேசையில் எங்களைக் கண்டு, வாசலிலேயே நின்று சிரித்தார்.

“என்ன மச்சான், நகைக்கடை தொடங்கிட்டியளோ? தராசும் லைட்டுமா இருக்கு.”

“புத்தகத்தில சொன்னபடி செய்யிறம் அண்ணை.”

“புத்தகம் எழுதினவன் கோர்ட்டுக்குப் பயந்து எழுதினவன். நான் சுவிஸில பத்துப் பன்ரண்டு வருசம் ஒரே அளவுதான் போட்டனான். துவக்குக்கு ஒண்டும் நடக்கேல்ல, எனக்கும் ஒண்டும் நடக்கேல்ல.”

மகன் தலையை நிமிர்த்தினான். “மாமா, அங்க பாவிச்ச மருந்து இஞ்ச இல்லையெண்டு சொன்னீங்களே?”

“அதுக்கென்ன, கடைக்காரன் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒண்டு தந்தவன்.”

“வேற மருந்தெண்டால் திரும்ப முதலில இருந்து வரோணும், மாமா.”

“முதலில இருந்து!” அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “எத்தினை தரமடா முதலில இருந்து வாறது? கொழும்பில ஒருக்கா, சுவிஸில ஒருக்கா, இஞ்ச வந்து ஒருக்கா. இனி உந்த மருந்துத் தகரத்துக்கும் முதலில இருந்தோ?”

மனைவி தேநீரோடு வந்தாள். பேச்சு கடை வாடகைக்குத் திரும்பியது. அவர் சொன்னதில் இருந்த வலி எனக்கு விளங்காமல் இல்லை. நானும் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவன். இங்கே பெட்ரோல் நிலையத்தில் நின்றவன். ஆனால் மருந்துக்கு நம் வரலாறு தெரியாது.

மகனுடைய பிறந்தநாளுக்கு மாமாவும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் மனைவி கையில் மட்டன் ரோல்ஸ் தட்டு. அவர் கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதற்குள் ஐம்பது தோட்டாக்கள், பித்தளை பளபளக்க, முட்டைபோல அடுக்கப்பட்டிருந்தன.

“நானே என்ர கையால செய்தது. உன்ர துவக்குக்குத்தான். இதைச் சுட்டுப் பார், அப்ப தெரியும் துவக்கெண்டால் என்னெண்டு.”

அடுத்தவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே என்பது அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே இருந்தது. வெள்ளைக்காரருக்கு அதில் சிக்கலே இல்லை. கிளப்பில் ஒருவர் நீட்டினால் மற்றவர் நன்றி சொல்லி, என்னிடம் இருக்கிறது என்று நகர்ந்துவிடுவார். இரண்டு பேரும் ஒன்றாகப் போய்த் தேநீர் குடிப்பார்கள். எங்கள் வீடுகளில் அப்படியா? தாய்மாமன் தன் கையால் செய்து பிறந்தநாளுக்குக் கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. பருத்தித்துறை வடையையும் ரோல்ஸையும் வாங்குவதுபோல, இரண்டு கையாலும் வாங்கத்தான் தெரியும்.

நான் சொன்னேன். எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னேன். “அண்ணை, குறை நினையாதேங்கோ. அவன் தான் நிரப்பினதை மட்டும் சுடட்டும். அப்பிடித்தான் விதி.”

என் மனைவி, “என்ர அண்ணை என்ன, பிள்ளைக்கு விசமோ கொண்டு வந்தவர்?” என்றாள்.

“விடு பிள்ளை” என்றார் மாமா தங்கையிடம், மிகவும் பெருந்தன்மையாக. “மச்சான் கவுன்சில் ஆள். சுவர் கட்டவும் அவருக்கு அனுமதி வேணும், சுடவும் அனுமதி வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். அவர்கள் போன பின், “கிளப்பில் குடுத்து அழிச்சுவிடடா” என்று கேட்டேன். “எப்பிடி அப்பா? நான் சுடேக்க மாமா பக்கத்து லேனில நிப்பார்” என்றான்.

அடுத்த ஞாயிறு கோட்டுப் பையில் போன் அடித்தபோது நான் குட்மேய்ஸ் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வெண்டிக்காய் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் குரல். முதலில் அழுகை மட்டும்தான் கேட்டது. அந்த அழுகைக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நான் என் பிள்ளையை அடக்கம் செய்துவிட்டேன். பிறகுதான், “கை, மச்சான், கைதான்” என்றார்.

சிலிண்டர் பிளந்திருந்தது. அதற்கு மேலிருந்த இரும்புச் சட்டம் வளைந்து மேலே போயிருந்தது. முன்னால் தாங்கிப் பிடித்த இடது கையின் ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இல்லை. கன்னத்தில் சின்னச் சின்னக் காயங்கள். பாதுகாப்புக் கண்ணாடியை ஒரு தாதி பையில் போட்டுத் தந்தாள். வலது கண்ணுக்கு நேரே கண்ணாடிக்குள் ஒரு பித்தளைத் துண்டு இறங்கி நின்றது. அதை நான் இன்னும் வைத்திருக்கிறேன். ஏன் என்று மனைவி கேட்பதில்லை.

ஆஸ்பத்திரி நடையில் மாமா எனக்குச் சொன்ன முதல் விளக்கம்: “துவக்கு பழசு மச்சான். இவன் பழசை வாங்கிப்போட்டான்.” உறவினர்கள் வந்தார்கள். கண்ணூறு என்றார் ஒருவர். ஏழரைச் சனி என்றார் இன்னொருவர். ஒரு மச்சாள் என்னைப் பார்த்து, “நீங்கள் அண்டைக்கு வாய் வைச்சதும் ஒரு காரணம்” என்றாள். விரல் போனது என் வாயால். இதையும் கேட்டுக்கொண்டு அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

கிளப்பில் மிச்சத் தோட்டாக்களைப் பிரித்து மருந்தை நிறுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டில் தவறி இருமுறை ஊற்றியிருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. எல்லாவற்றிலும் ஒரே அளவு, மிகத் துல்லியமாக. சுவிஸில் அவர் பழைய மருந்துக்குப் போட்ட அளவு அது. இந்த மருந்துக்கு அது தாண்டக்கூடாத எண்ணையும் தாண்டிவிட்டிருந்தது. முதல் சில தோட்டாக்கள் வெடித்து முடிந்தபோது கோதுகள் சிலிண்டரில் இறுகி, தட்டித்தான் எடுக்க வந்தனவாம். அது நிறுத்தச் சொல்லும் அடையாளம் என்று மகனுக்குத் தெரியும். மாமா பக்கத்தில் நின்று, “ஆ, இதுதான் அடி!” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்றான் மகன். இரண்டு கணு விரல் போனது அதற்குத்தான்.

மாமாவின் அனுமதியைப் பொலிஸ் பறித்தது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. “அங்க ஒண்டும் நடக்கேல்ல மச்சான்” என்பதையே பலமுறை சொன்னார், ஏதோ இந்த நாடுதான் அவரை ஏமாற்றிவிட்டதுபோல.

காயம் ஆறினால் இந்தச் சனியன் வீட்டைவிட்டுப் போய்விடும் என்று நம்பியிருந்தேன். ஆறியதும் மகன் வேறொரு ரிவோல்வர் வாங்கினான். நான் கத்தினேன். ஒரு வாரம் சாப்பாட்டை விட்டேன், வயதுக்கு ஒவ்வாத செயல்தான். “நான் என்ர தோட்டாவால காயப்படேல்ல அப்பா” என்றான்.

தீபாவளிக்கு மாமா வந்தார். ஞாயிறும் அன்றே சேர்ந்துவந்ததால் நாங்கள் மேசையில் இருந்தோம். புதுத் துவக்கு, புதுக் குண்டு, திரும்பவும் தொடக்க அளவு. அவர் ஒரு கையில் ரோல்ஸ் தட்டு, மறு கையில் பாதி பாவித்த அந்த மருந்து டப்பா.

“எனக்கு இனித் தேவையில்லை. வீணாப் போகாமல் பிள்ளை பாவிக்கட்டும்.”

மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்றாள். வாய் வைத்தவன் என்ற பெயர் ஏற்கெனவே எனக்கு இருக்கிறது. மகன் எழுந்து போய் இரண்டு கையாலும், அதில் ஒன்று குறைக்கையாக, தட்டை வாங்கினான்.

“ரோல்ஸை வைச்சிட்டு மற்றதைக் கொண்டு போங்கோ, மாமா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தது என்று நினைத்திருப்பார். டப்பாவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, தேநீர் குடிக்காமலே போனார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு வீட்டில் தீபாவளி இல்லை.

மகன் மேசைக்குத் திரும்பி வந்தான். மொட்டையாக நிமிர்ந்து நிற்கும் அந்த அரைவிரலால் கோதுகள் நின்ற மரத் தட்டை என் பக்கம் தள்ளினான்.

“லைட்டைப் பிடியுங்கோ அப்பா.”

பிடித்தேன். எல்லாக் கோதிலும் மருந்து ஒரே மட்டத்தில் இருந்தது. இன்னொருமுறை பார்த்தேன். நிரப்பி முடித்ததும் அவன் கிளப்புக்குப் போனான். பின்னேரம் அவன் கார் தெருவில் திரும்பும் சத்தம் கேட்கும்வரை, முன் அறை யன்னலடியில் நின்றேன். இப்போதும் ஞாயிறுகளில் அங்கேதான் நிற்கிறேன்.