பிடிச்சுக்கச் சொல்லிட்டுப் போன ஆட்டம்

தம்பி, ஜின்னு, பேய்னு எவனாவது பேச்சை ஆரம்பிச்சா நான் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவேன், அப்படிப்பட்ட ஆளு நான். தாராவியில எங்க தோல் பட்டறை மாடியில கொலுசுச் சத்தம் கேக்குன்னு பயலுவ எல்லாரும் கீழ வந்து நெருக்கியடிச்சுப் படுத்தப்ப, மேல தனியாப் படுத்து காலை நீட்டித் தூங்கினவன். அது எலி. இப்பச் சொல்லப் போறதும் ராத்திரியில நடந்தது கிடையாது, பட்டப்பகல்ல, ஃபேன் ஓடுற இடத்துல, சுத்தி ஆளு நிக்கையில நடந்தது. நம்பினா நம்புங்க, இல்லைன்னா தூக்கமில்லாத மனுசன் உளறுதான்னு வச்சுக்கோங்க, நானே பாதி நாள் அப்படித்தான் வச்சுக்கிடுதேன்.

எண்பதுகளோட கடைசி அது. பம்பாயில வீடியோ கேம் பார்லர் சந்துக்குச் சந்து வந்துக்கிட்டு இருந்த நேரம், எனக்கு அது ஒரு பைத்தியம். கல்யாணமாகி, ஒரு பொம்பளப் புள்ளைக்கு வாப்பாவாகி, தாடியில நரை எட்டிப் பாத்தப்புறமும் பைத்தியம் தெளியல. மாட்டுங்கா பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால, ஒரு லாட்ஜுக்குக் கீழ, சேட்டு ஒருத்தர் பார்லர் வச்சிருந்தாரு, தோலு வெட்டிக் கை ஓஞ்சா நாங்க அங்கதான் போவோம். எழுத்தெல்லாம் ஜப்பான்காரன் எழுத்து, ஒருத்தனுக்கும் பேரு தெரியாது, நாங்களே பேரு வச்சுக்கிடுவோம். ஜீப் ஆட்டம்னு ஒண்ணு, மூளைக்கு வேலையே கிடையாது, மேல போய்க்கிட்டே சுடு, சுட்டுக்கிட்டே மேல போ, பயலுவளுக்கு அதுல ஒரு கொண்டாட்டம், எனக்கு ரெண்டு நாள்ல புளிச்சுப் போச்சு. கராத்தே ஆட்டத்துல காலு நல்லாத்தான் எந்திரிக்கும், ஆனா எதிராளி எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி, ஒரே ஆளைச் சலிக்கச் சலிக்க அடிச்ச மாதிரி இருக்கும்.

கோட்டை ஆட்டம்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அதுதான் ஆட்டம். கருப்பு வானம், நீலப் படிக்கட்டு, செவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன், வெள்ளைச் சட்டைக்காரன் ஒருத்தன், ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நின்னு ஒண்ணா ஆடலாம். சுவத்துல மண்டை ஓடு இருக்கும், வாயில இருந்து நெருப்பு வரும், படிக்கட்டு முடியுத இடத்துல ஒரு இரும்புக் கதவு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் போனவன் எங்க கூட்டத்துல ஒருத்தனும் கிடையாது. பாட்டும் கிடையாது, காத்துச் சத்தம் மாத்திரம்தான். எனக்குப் பிடிச்சது என்னன்னா, நாம ஆளை நடத்துத கம்பியை அசைக்காம நிறுத்தினா திரையில நிக்குத அந்தச் சின்னப் பய மூச்சு வாங்குவான், தோளு ரெண்டும் ஏறி இறங்கும். களைச்சுப் போற வீரனை வேற எந்த ஆட்டத்துலயும் நான் பாத்ததில்ல, அவனைப் பாத்தா நம்ம பட்டறை ஆளு மாதிரியே இருக்கும்.

எங்க ஆளுவகிட்ட ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லாம இது விளங்காது. பட்டறையில ரெண்டு தோலுக்கும் சொலூஷன் தடவி ஒட்டிப் பிடிச்சிருக்கையில முதலாளி கூப்பிட்டாருன்னு வைங்க, பக்கத்து ஆளு கையில கொடுத்து, பிடிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போவோம். அவன் ஊசி போடக் கூடாது, வெட்டக் கூடாது, விட்டுராம அமுக்கிப் பிடிச்சிருந்தா போதும், நடுவுல விட்டா தோலு வீணு. அதே பழக்கம் பார்லருக்கும் வந்திருச்சு. பாங்கு சொல்லிட்டா தொழப் போறவன், பட்டறையில இருந்து ஆளு வந்து இழுத்துட்டுப் போறவன், பக்கத்துல நிக்கவன்கிட்ட கம்பியைக் கொடுத்து, பிடிச்சுக்கோம்பான். பிடிச்சவன் முன்னேறக் கூடாது, புதையல் எடுக்கக் கூடாது, ஆளைச் சாகாமப் பாத்துக்கிடணும், அம்புட்டுதான். பிடிச்சதை விட்டுட்டு ஓடினவன்கூட அப்புறம் யாரும் டீகூடக் குடிக்க மாட்டாங்க.

அந்த மழைக்காலத்துல எம் மவ நஸீமாவுக்கு மூளைக் காய்ச்சல். ஆறு வயசுப் புள்ள. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலதான் சேத்தோம், சேத்த அன்னைக்கு ராத்திரியில இருந்து கண்ணு முழிக்கல. வார்டுக்குள்ள பொம்பளை ஆளுவளை மாத்திரம்தான் தங்க விடுவான், எம் பொஞ்சாதி உள்ள, நான் வெளிய. ராத்திரி பூரா பட்டறையில பை தைப்பேன், முதலாளிக்கு ஆர்டர் முடிக்கணும், விடிஞ்சதும் கஞ்சி கொண்டு போயி கேட்டுல கொடுப்பேன், சாயங்காலம் மணி அடிச்சாத்தான் ஆம்பளைக்கு உள்ள வழி. அது வரைக்கும் எங்க போக? படிக்கட்டுல உக்காந்தா வாட்ச்மேன் விரட்டுதான், வெளிய மழை. நான் பார்லர்லதான் போயி நிப்பேன். புள்ள அப்படிக் கிடக்கையில இவன் வீடியோ ஆடுதான்னு நாலு பேரு சொல்லுவாங்கன்னு எம் பொஞ்சாதிகிட்டகூடச் சொன்னது கிடையாது. கண்ணை மூடினா புள்ள மூஞ்சி வருது தம்பி, அந்த ஆட்டப் பொட்டிக்கு முன்னால நின்னாத்தான் கொஞ்சம் மறக்கும், வேற ஒண்ணுமில்ல.

அன்னைக்குக் காலையில டாக்டரு, இன்னைக்கு ஒரு நாள் தாண்டிட்டா பாக்கலாம்னுட்டாரு. தாண்டலைன்னா என்னன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. மத்தியானம் பார்லருக்கு வந்து கோட்டை ஆட்டத்துல செவப்புச் சட்டைக்காரனை எடுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பக்கத்துல ஒரு ஆளு வந்து நின்னு வெள்ளைச் சட்டைக்காரனை எடுத்துக்கிட்டாரு. என்னை விட வயசு கம்மி, கட்டம் போட்ட சட்டை, நனைஞ்சிருந்தாரு. நல்லா ஆடினாரு, ஆனா அவசரமே இல்ல, என் செவப்புக்காரன் மேல நெருப்பு வந்தா முன்னால வந்து நின்னு மறைப்பாரு.

"காக்கா, ஆஸ்பத்திரியா?"ன்னு கேட்டாரு. அந்தக் காக்காங்கிற சொல்லுலயே நம்ம பக்கத்து ஆளுன்னு தெரிஞ்சு போச்சு, அண்ணனைக் கூப்பிடுத மாதிரிக் கூப்பிடுதாரு.

"ஆமாம், மவளுக்கு மேலுக்கு முடியல."

"எம் பயலும் அங்கதான் கிடக்கான். உங்க மவளுக்கு அடுத்த கட்டில், ஜன்னல் பக்கம்."

எனக்கு அந்தப் பயலைத் தெரியும், மூக்குல குழாய் போட்டிருக்கும். அவன் உம்மா செம்பூர் பக்கம், வாய் திறந்து பேசாத பொம்பளை, எம் பொஞ்சாதிதான் அவளுக்கும் சேத்துக் கஞ்சி வாங்கி வைப்பா. வாப்பாவை நான் பாத்ததில்ல, மணி அடிக்கையில வேற யாரும் வந்தும் பாக்கல, சரி, வேலை நேரம் ஒத்து வரலன்னு நினைச்சுக்கிட்டேன். பேசிக்கிட்டே இரும்புக் கதவுக்குக் கிட்ட வந்துட்டோம். அந்நேரம் பள்ளிவாசல்ல சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொல்லுது.

"காக்கா, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. வந்திருதேன்"னு வெள்ளைக்காரன் கம்பியை எங்கிட்டக் கொடுத்துட்டு மழையில இறங்கிப் போயிட்டாரு.

இடது கையில என் கம்பி, வலது கையில அவரு கம்பி. ஊசி குத்தின கை, ரெண்டும் எரியுது. சுடுத பட்டனுக்குக் கை கிடையாது, உடைஞ்ச தூணுக்குப் பின்னால ரெண்டு பேரையும் ஒட்டி நிறுத்திக்கிட்டு, நெருப்பு வந்தா அந்தப் பக்கம் ஒரு அடி, போனதும் இந்தப் பக்கம் ஒரு அடி, அப்படியே நிக்கேன். ஆளு வரல. ஆஸ்பத்திரி மணி அடிச்சது சந்துக்குள்ள கேக்குது. போகணும், புள்ளையைப் பாக்கணும், இன்னைக்குத் தாண்டுமான்னு சொன்ன நாளு. ஆனா பிடிச்சதை விட மனசு வரல தம்பி. கிறுக்குத்தனம்னு தெரியுது, விட்டா ரெண்டும் செத்துரும்னு ஒரு பயம், காலு நகர மாட்டேங்குது. அந்த ரெண்டு சின்னப் பயலுவளும் தூணுக்குப் பின்னால நின்னு மூச்சு வாங்குதானுவ.

அப்பத்தான் வலது கைக்குள்ள கம்பி திரும்புச்சு. நான் திருப்பல. சந்தையில கூட்டிட்டுப் போற புள்ள எதையோ பாத்துட்டுக் கையை உருவுமே, அந்த மாதிரி இழுவை. நான் இறுக்கிப் பிடிக்கேன், கம்பி என் பிடிக்குள்ளயே சாயுது. வெள்ளைச் சட்டைக்காரன் தூணை விட்டு வெளிய நடந்தான். நெருப்பு அவன் மேல பட்டுச்சு, ஒண்ணும் ஆகல. கதவு திறந்துச்சு, உள்ள போனான். எத்தனையோ நாளு காத்துக்கிடந்த கதவு, அது திறந்ததைப் பாக்கணும்னுகூட எனக்குத் தோணல.

வெள்ளைக்காரன் கம்பி செத்துப் போன மாதிரி தொளதொளன்னு ஆயிருச்சு. உடனே இடது கையில இழுவை. செவப்புக்காரனும் கதவுப் பக்கம் திரும்புதான். நான் ரெண்டு கையாலயும் அந்தக் கம்பியைப் பிடிச்சு, காலைப் பொட்டியில முட்டுக் கொடுத்து இழுக்கேன், வாயில என்ன வந்துச்சுன்னு தெரியாது, பக்கத்து ஆட்டக்காரன் "க்யா ஹுவா பாய்?"ங்கான், என்னாச்சுன்னு. எம்புட்டு நேரம்னு கேக்காதீங்க. கதவு மெல்ல மூடுச்சு. இழுவை நின்னுச்சு. அந்த நிமிசமே கரண்டு போயி எல்லாப் பொட்டியும் இருண்டு போச்சு.

ஓடினேன். கட்டில் பக்கம் போனா எம் பொஞ்சாதி அழுதுக்கிட்டே சிரிக்கா, நஸீமா கண்ணைத் திறந்து கிடக்கா, தண்ணி கேட்டாளாம், உடம்பெல்லாம் வேர்த்துக் காய்ச்சல் இறங்கியிருக்கு. நான் அவ நெத்தியைத் தொட்டுப் பாத்தேன். அதுக்கப்புறம்தான் அடுத்த கட்டிலைப் பாத்தேன். மெத்தையைச் சுருட்டி வச்சிருந்தாங்க.

அந்தப் பயலோட உம்மா வராண்டாவுல சுவத்துல சாஞ்சு இருந்தா. ஒத்தையில இருக்காளேன்னு எனக்குத் தாங்கல, கிட்டப் போயி, "தங்கச்சி, தைரியமா இரு. உன் மாப்பிள்ளை இப்ப எங்கூடத்தான் இருந்தாரு, தொழப் போயிருக்காரு, வந்திருவாரு"ன்னேன். ஆறுதலுக்குச் சொன்னது.

அவ நிமிந்து பாத்தா. "அவுக மவுத்தாயி, அடக்கம் பண்ணி வருசம் ஆச்சே காக்கா. போன மழைக்குத்தானே."

ஆளு மாத்திச் சொல்லிட்டேன்னு சமாளிக்கப் பாக்கேன், அவ விடல. திட்டுவான்னு நினைச்சேன், அழுவான்னு நினைச்சேன். அவ கேட்டது வேற.

"கட்டம் போட்ட சட்டையா?"

தலையை ஆட்டினேன்.

"மெலிஞ்சு போயிருந்தாவளா?"

"இல்லம்மா. களைச்சிருந்தாரு. வேற ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தாரு."

அவ முந்தானையை மூஞ்சியில போட்டுக்கிட்டா. கொஞ்ச நேரத்துல அவ அண்ணன்மாரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க.

இது வரைக்கும் சொன்னதுக்கு நீங்க காரணம் சொல்லிருவீங்க. தூக்கமில்ல, எவனோ ஒருத்தன் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பான், கட்டம் போட்ட சட்டை ஊருல பாதிப் பேரு போடுதான், மெஷின்ல கோளாறு. நானும் பட்டறையில உக்காந்து இதையெல்லாம் எனக்கே சொல்லிப் பாத்தேன், பாதி நம்பவும் செஞ்சேன். கரண்டு வந்தப்புறம் அந்தப் பொட்டி ஓடவே இல்ல, சேட்டு அதைத் தூக்கிட்டு வேற ஆட்டம் வச்சாரு. நானும் அதோட பார்லர் பக்கம் போகல.

புள்ளையை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, அவ எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்ச நேரம். நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், அவ உம்மா குழாயடிக்குப் போயிருக்கா. நஸீமா எம் பக்கத்துல வந்து உக்காந்து, சும்மா வெளையாட்டுச் சாமானைப் பத்திக் கேக்குத மாதிரி கேட்டா. அந்தப் புள்ள வீடியோ கேமை ஜென்மத்துல பாத்தது கிடையாது, நான் ஆடுத விசயமே வீட்டுக்குத் தெரியாது.

"வாப்பா, அந்த நீலப் படிக்கட்டுல எங்க ரெண்டு பேரையும் நீங்கதான கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?"

எந்தப் படிக்கட்டுன்னேன்.

"இருட்டா இருந்துச்சே, அங்க. அவன் வாப்பா கதவுக்கு உள்ள இருந்து கூப்பிட்டாவ. என்னையும் வான்னாவ. என்னைய நீங்க விடல." அப்புறம் கேட்டா, "அவன் கையை மட்டும் ஏன் வாப்பா விட்டீங்க?"

நஸீமா இப்ப வாஷியில இருக்கா, எனக்குப் பேரப்புள்ளைகளும் ஆச்சு, அவளுக்குக் காய்ச்சல் வந்ததே ஞாபகம் இல்லைங்கா. நான் திரும்ப அவகிட்ட அதைப் பேசினதும் இல்ல. ஆனா அந்தப் பயலோட உம்மா முகம் தூக்கத்துல வரும் தம்பி, நானே அவன் கையை விட்ட மாதிரி வரும், முழிச்சுக்கிடுவேன். நான் விடல. அன்னைக்கே எம் மவகிட்ட அப்படித்தான் சொன்னேன், "நான் விடலம்மா, அவன்தான் உருவிக்கிட்டான்"னு. அவ என் கை ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவ நம்பலன்னு எனக்குத் தெரியும்.