மேட்டின் மறுபக்கம்

மெர்டேக்கா வருடத்தில், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த ஐம்பத்தேழில், மலாக்காவில் எங்கு பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் மணல் வேண்டும். காஜா பெராங்கில் நான் குடியிருந்த வரிசை வீட்டுக்கு முன்னால் காலையில் லோரி ஏறினால், ரப்பர் தோட்டங்களைத் தாண்டி ஒரு பழைய ஈய லம்பத்தில் இறக்கிவிடும். ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட இடம். தோண்டிப் போட்ட வெள்ளை மணல் குன்று குன்றாகக் கிடந்தது; நடுவில் பச்சைத் தண்ணீர்க் குட்டை. அங்கே மணல் அள்ளி விற்கும் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், எனக்கு வேலை. வயது இருபத்தொன்பது.

என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஜீப்புக்கு முன்னால் நடப்பது.

அந்த ஜீப் பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போனது. கூரை கிடையாது. பெரிய மேட்டுக்கு அந்தப் பக்கம், குட்டையோரம், தண்ணீர் இறைக்கும் பம்பு ஓடியது. அதற்கு டீசல் கொண்டுபோக மேட்டைத் தாண்டுவதைத் தவிர வழியில்லை. ஜீப்பை ஓட்டியவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எங்கள் வரிசையிலேயே மூன்று வீடு தள்ளி, மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தார். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

லோரிக்காரர்கள் அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வார்கள். மேட்டில் ஏறுமுன் நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிடுவார். பின்னால் யாரையும் நின்றுகொண்டு வர விடமாட்டார். சரிவில் குறுக்கே திருப்பவே மாட்டார். ஏறினாலும் நேர், இறங்கினாலும் நேர். பாதியில் நின்றால் சக்கரம் புதைந்துவிடும் என்பதால் கீழிருந்தே வேகம் எடுத்து வரவேண்டும். உச்சியில் நிறுத்தி எட்டிப்பார்க்க முடியாது. அதற்குத்தான் நான். முதலில் நான் உச்சிக்கு ஏறி மறுபக்கத்தைப் பார்ப்பேன். சரியாக இருந்தால் சிவப்புத் துணியை ஆட்டுவேன். துணி ஆடினால் வருவார். ஆடாவிட்டால் வரமாட்டார்.

“மணலு காலையில இருந்த மாதிரி மத்தியானம் இருக்காது, தம்பி. ஒவ்வொரு நடையும் பாத்துரு,” என்பார்.

அன்று காலையிலேயே நான்கு நடை முடிந்திருந்தது. நான்கு முறையும் பார்த்தேன். மறுபக்கம் வழக்கம்போலச் சரிந்து கிடந்தது. மதியச் சோற்றுக்குப் பிறகு ஐந்தாவது நடை. மேட்டில் முக்கால்வாசி ஏறியபோது என் சிலிப்பர் வார் அறுந்தது. வெறுங்காலை ஊன்றினேன், மணல் கொதித்தது. உச்சிக்கு இன்னும் இருபது எட்டுதான். நான்கு தடவை பார்த்தாயிற்றே என்று தோன்றியது. நின்ற இடத்திலிருந்தே துணியை ஆட்டினேன். பார்த்துவிட்டு இறங்கி நின்று ஆட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஜீப் உறுமிக்கொண்டு வந்தது. என்னைக் கடக்கும்போது வழக்கம்போல ஒரு விரலை மட்டும் ஸ்டியரிங்கிலிருந்து உயர்த்திக் காட்டினார். உச்சியைத் தாண்டினார். சக்கரம் எதையும் பற்றாமல் சுழலும் கூச்சல் கேட்டது. பிறகு மொத்தென்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஓடினேன். கால் சுட்டது தெரியவில்லை. உச்சிக்குப் போனால் அந்தப் பக்கம் சரிவே இல்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கூட்டம் அடிவாரத்தை வெட்டி மணலை லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நின்றது. கீழே ஜீப் கவிழ்ந்து கிடந்தது.

குதித்தேன். பம்பைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர் ஓடிவந்தார். இருவரும் கையாலேயே தோண்டினோம். அள்ள அள்ள மேலிருந்து மணல் சரிந்து வந்து நிரப்பியது. முகம் வெளியே வந்தபோது மூச்சு இருந்தது. நெஞ்சின்மேல் ஸ்டியரிங் அழுந்தியிருந்தது.

“பாத்தியாடா?” என்றார்.

“பாத்தேன்ணே,” என்றேன்.

லோரிக்காரர்கள் வந்து ஜீப்பைத் தூக்குமுன் அண்ணன் போய்விட்டார்.

போலீஸ் கேட்டபோதும் அதையே சொன்னேன். “பாத்துட்டுத்தான் துணி ஆட்டுனேன். அண்ணன் ரொம்ப வேகமா வந்தாரு. மணலு சரிஞ்சிருக்கும்.” தவுக்கேயிடமும் லோரிக்காரர்களிடமும் அப்படியே. அடிவாரத்தை வெட்டியவர்களும் வாய் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் அது ஊர்ப்பேச்சாகிவிட்டது. எந்நேரமும் பயந்தே ஓட்டிய மனிதர், கண்மண் தெரியாமல் ஓட்டிச் செத்தவர் ஆகிவிட்டார். தண்ணி போட்டிருந்தார் என்றும் யாரோ சேர்த்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

அண்ணி குழந்தைகளோடு உஜோங் பாசிர் பக்கம் ஒரு அறைக்குக் குடிபோனார். வீட்டு வேலைகளுக்குப் போனார். எட்டு மாதம் கழித்து ஒரு மளிகைக்கடை வாசலில் மூவரையும் பார்த்தேன். ஒதுங்கப் பார்த்தேன், அண்ணி பார்த்துவிட்டார். மூத்தவளை முன்னால் தள்ளினார்.

“சித்தப்பாவக் கும்புடு. அப்பாவ மண்ணுலேருந்து தோண்டி எடுத்தவரு.”

அந்தப் பெண் கைகூப்பினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அண்ணியின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்: சிலிப்பர் அறுந்தது, பார்க்காமல் துணி ஆட்டியது, சாகும் நேரத்தில் அண்ணனிடமே பொய் சொன்னது. அண்ணி கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அதில் சொட்டுத் தண்ணீர் இல்லாத பிறகும் பிழிந்தார்.

“அவரு வேகமா ஓட்டுனாருன்னு யாரு யாருகிட்டச் சொன்னீங்க?”

சொன்னேன்.

“பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களக் குடிகாரன் மகள்னு கூப்புடுறாங்க. அத்தன பேருகிட்டயும் போயி மாத்திச் சொல்லிட்டு வாங்க.”

போனேன். போலீஸ் நிலையத்தில் இருந்தவர், முடிந்துபோன விஷயத்துக்கு இப்போது ஏன் வந்தாய் என்று எரிந்து விழுந்தார்; பிறகு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தவுக்கே கடைசிவரை கேட்டுவிட்டு, நாளை முதல் வரவேண்டாம் என்றார். லோரிக்காரர்கள் டீ குடிக்கும் ஒட்டுக்கடைதான் கடினமாக இருந்தது. சொல்லி முடித்ததும், அண்ணனைக் கேலி செய்தவர்களில் ஒருவன் எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தான். அடித்திருக்கலாம். விட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

எல்லாம் முடிந்து உஜோங் பாசிர் போனேன். அண்ணி கதவைப் பாதி திறந்தார்.

“எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், அண்ணி.”

“சரி. இனிமே இங்க வராதீங்க.”

போகவில்லை. புக்கிட் பாருவில் ஒரு கடையில் மூட்டை தூக்கிப் பிழைத்தேன். பல வருடங்கள் கழித்து பஸ் நிலையத்தில் மூத்த பெண்ணைப் பார்த்தேன். வளர்ந்திருந்தாள், அப்பா ஜாடை. அவளும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் முதலில் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.