நீல ஸ்லைடுக்கு நான் கையெழுத்துப் போடவில்லை

திசுவை மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, சாயமேற்றுவது எங்கள் வேலை. லேபில் கால்கடுக்க நிற்கும் தோழர்களே, சோதனை முடிவு தாமதமானால்தான் நாம் இருப்பதே ஊருக்குத் தெரியும்.

சன்னலுக்கு வந்தவர்

நைனார்பாளையம் முருகேசன் கூலிக்குக் கரும்பு வெட்டுபவர். அவர் மனைவி செல்வியின் தலையிலிருந்து எடுத்த கட்டி எங்கள் கள்ளக்குறிச்சி லேபுக்கு வந்திருந்தது. மூளை உறையில் முளைத்ததா, வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றா? உறையில் முளைத்ததென்றால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். மற்ற சோதனைகளில் பிடிபடவில்லை. கடைசியாக ஒன்று இருந்தது. உறைக் கட்டியென்றால் செல்லின் வெளிச்சவ்வில் ஏற்பி என்ற ஒருவகைப் புரதம் நிறைய இருக்கும். அது இருந்தால் சாயம் பழுப்பாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் ஸ்லைடு அடிச்சாயத்தின் நீலமாகவே நிற்கும்.

முருகேசன் முடிவு கொடுக்கும் சன்னலுக்குத் தினமும் வந்தார். "இன்னா கட்டின்னு தெரிஞ்சாதாங்க அவ மூஞ்சியப் பாத்துப் பேச முடியும்."

எல்லாம் நீலம்

ஸ்லைடு நீலமாக வந்தது. ஏற்பி இல்லை என்று எழுதிவிடலாம். ஆனால் ஓரத்தில் கட்டியோடு ஒட்டிவந்த நல்ல மூளைத் திசு கொஞ்சம் இருந்தது. நல்ல மூளையிலும் இந்த ஏற்பி உண்டு. அது கொஞ்சமாவது பழுப்பேறியிருக்க வேண்டும். அதுவும் நீலம். பழுப்புச் சாயம் எங்குமே பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பக்கத்து மேசை ரமணி பதிவேட்டை நீட்டினாள். "கட்டியும் நீலம், மூளையும் நீலம், எல்லாம் ஒத்துப்போவுதேக்கா, போடு கையெழுத்த!"

குக்கர்

போடமாட்டேன் என்றேன். காரணத்தைத் தேடியபோது வெட்கமாகிவிட்டது. சாயத்துக்கு முன் ஸ்லைடுகளைக் குக்கரில் வேகவைப்போம்; சரியாக வெந்தால்தான் திசுவில் சாயம் பிடிக்கும். மதியச் சாப்பாட்டு அவசரத்தில் அதைச் சீக்கிரமே இறக்கியது நான்தான். டாக்டரிடம் போய் அப்படியே சொன்னேன். மிச்சமிருந்த சாய மருந்தை எடுத்து மறுபடி செய்யப்போகிறேன் என்றும் சொன்னேன். அனுமதி கேட்கவில்லை.

ரமணி தலையில் அடித்துக்கொண்டாள். "தப்பும் உன்னுது, வீம்பும் உன்னுது, நல்லா இருக்குதுக்கா!"

பழுப்பு

இந்த முறை நல்ல மூளை இளம்பழுப்பு. கட்டியில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் கோடு போட்டாற்போல் அடர்பழுப்பு. டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு அவரே சன்னலுக்குப் போய், உறைக் கட்டிதான் என்று முருகேசனிடம் சொன்னார்.

முருகேசன் அங்கேயே போனைப் போட்டார். "ஏ செல்வி, எங்கேர்ந்தும் பரவலையாம், அங்கியே மொளைச்சதாம். சாப்ட்டியா?"

பிடிவாதக்காரி என்ற பெயர் லேபில் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. அதைத் திருத்திக்கொள்ள நான் இதுவரை எந்த முயற்சியும் எடுக்கவில்லை.