நான்காம் மாடி ஜன்னல்

தள்ளுவண்டியில் ஐஸ் பாளத்தை வைத்து, சாக்கைப் போட்டு மூடி, தெருத்தெருவாகத் தள்ளிக்கொண்டு போன ஒரு மனிதர், பெரிய ஹோட்டல் ஒன்றின் ஏசிப் பிரிவுக்கே தலைவராக ஆனார் என்றால் அது சும்மா வந்ததல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்கு ஒதுங்கிய அளவுதான் படிப்பு. ஸ்பேனர் பிடிக்கக் கற்றது அடி வாங்கி, மெஷின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றது திட்டு வாங்கி. எங்களைப் போன்ற உழைப்பாளிகள் மேலே வந்த வழி அதுதான், வேறு ஏணி யாரும் போட்டுத் தரவில்லை. ஆள் வளர்ந்த பிறகும் பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஐஸ்காரர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும்.

அந்த ஊரில் வருஷம் முழுக்கப் புழுக்கம். குளித்துவிட்டுத் துடைக்கும்போதே உடம்பு மறுபடி நனைந்துவிடும். கொடியில் போட்ட சட்டைக்குக் காலர் காயாது. அப்படிப்பட்ட ஊரில் குளிரைக் கையில் வைத்திருப்பவன் ராஜா இல்லையா?

"இந்த ஹோட்டல்ல எவன் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறானோ, அவன் என் தயவுல தூங்குறான்" என்பார். மேனேஜர்கள் வந்தார்கள், போனார்கள். அவர் மட்டும் மொட்டை மாடி மெஷின் மாதிரி அங்கேயே இருந்தார்.

அவருடைய வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது, தகரக் கூரை போட்ட வாடகை மாடி அறை. பழைய ஒயர், அதில் ஏசி போட்டால் தெருவுக்கே கரண்டு போய்விடும். ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும். "ஊருக்கெல்லாம் குளிரு, உங்க பொண்டாட்டிக்கு மட்டும் வெந்நீரு" என்று மனைவி கேலி செய்வாள். "கட்டுறேன்டி ஒரு வீடு, சமையலறையிலகூட சில்லுனு காத்து வரும்" என்பார். கட்டவில்லை. அதற்குள் ஓய்வு வந்தது, ஓய்வுக்குப் பின்னாலேயே அவளுக்கு நோய் வந்தது.

இதயம் களைத்துப்போய்விட்டது என்றார் டாக்டர். படுத்தால் நெஞ்சில் தண்ணீர் ஏறி மூச்சு முட்டும். அதனால் அவள் படுப்பதையே விட்டுவிட்டாள். சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்தபடி கண்ணை மூடுவாள். தூக்கம் வந்து தொடும், உடனே தகரச் சூடு எழுப்பிவிடும். முழுசாகத் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. டாக்டர் ஐஸ்காரரை மட்டும் வெளியே கூப்பிட்டு, "இனிமே மருந்தைவிட நிம்மதியான தூக்கம்தான் முக்கியம், முடிஞ்ச வரைக்கும் பாத்துக்குங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று புரியாத அளவுக்கு அவர் ஒன்றும் விவரமில்லாதவர் இல்லை.

தூக்கம்தானே? குளிர் கொடுத்தால் தூக்கம் வராமலா போகும்? வாழ்நாள் முழுக்க அவர் விற்றது அதைத்தானே!

ஹோட்டலில் ஒரு வழக்கம் உண்டு. ரொம்ப வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறவர், குடும்பத்தோடு இரண்டு நாள் விருந்தாளியாக வந்து தங்கலாம், சாப்பாடும் சேர்த்து. மற்றவர்கள் மறு மாதமே வந்து தங்கிவிட்டுப் போனார்கள். ஐஸ்காரர் மட்டும் நான்காம் மாடி மூலை அறைதான் வேண்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். அவர் கணக்கில் கட்டிடத்திலேயே நல்ல கூலிங் அங்கேதான். இப்போது நேரே போய்க் கேட்டார். கிடைத்தது.

டாக்சி வந்து நின்றதும் மனைவி இறங்கி, கட்டிடத்தின் பக்கவாட்டுச் சந்துக்குள் நடக்க ஆரம்பித்தாள். இத்தனை வருஷமும் அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டு வந்து கொடுத்த பின்கேட்டு அந்தப் பக்கம்தான் இருந்தது.

"ஏய், எங்கடி போற? இன்னைக்கு நாம முன்வாசல் ஆளுங்க!"

"பழக்கதோஷம்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே மூச்சு வாங்கியது.

கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. கதவருகே நின்றவர் சல்யூட் அடித்தார். லாபியில் பூ ஜாடி, பளிங்குத் தரை, சோபாவில் பேப்பர் படிக்கிற ஆட்கள். துணியறை அக்கா ஓடி வந்து மனைவியின் பையை வாங்கிக்கொண்டாள். ஹோட்டலின் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் அவள் பொறுப்பு. ஐஸ்காரருக்குச் சரிக்குச் சரி வாயாடுகிற ஒரே ஆளும் அவள்தான்.

"வாங்க அண்ணி. அண்ணன் இத்தனை வருஷமா எங்களை ஆட்டி வச்சாரு. ரெண்டு நாள் நீங்க அவரை ஆட்டி வைங்க."

"அதுக்குத் தெம்பு இருந்தா வீட்டுலயே செஞ்சிருக்க மாட்டேனாம்மா?"

அறைக்குள் நுழைந்ததும் ஐஸ்காரர் கையை விரித்துக் காற்றைக் காட்டினார், தன் தோட்டத்து மரத்தைக் காட்டுகிற மாதிரி. "பாத்தியா? எங்கயாவது சத்தம் கேக்குதா? இருக்குன்னே தெரியாது. அதான் வேலை." அவளைக் கட்டிலில் நாலு தலையணை வைத்துச் சாய்த்தார். அந்த மெத்தை அவளைக் குழந்தை மாதிரி வாங்கிக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் எப்போது தூங்குவாள் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் தூங்கவில்லை. முதலில் கால் சில்லிட்டது என்றாள். போர்த்திவிட்டார். அப்புறம் மூக்கு காய்கிறது என்றாள். சுவரில் இருந்த குமிழைத் திருகிக் குளிரைக் குறைத்தார். இருமல் வந்தது. காற்று வரும் கிரில்லைத் திசை திருப்பினார். அவர் ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய, அவள் உதட்டோரம் நீலம் பாய்ந்துகொண்டே வந்தது.

"என்னடி செய்யுது?"

"ஒண்ணுமில்லீங்க. மூடி போட்ட டப்பாக்குள்ள இருக்கிற மாதிரி இருக்கு. அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன்."

"அது திறக்காது."

"ஏன்?"

"நான்தான் அடைச்சேன்."

உண்மைதான். அந்தக் கட்டிடத்தில் ஒரு ஜன்னல் விடாமல் ஸ்குரூ அடித்து, ஓரம் முழுக்கப் பசை பூசி அடைத்தவர் அவர்தான். வெளியே இருக்கிற ஈரக் காற்று உள்ளே வந்தால், கூரைக்குள் ஓடுகிற குளிர்ந்த குழாயெல்லாம் வேர்த்துக் கொட்டும், சுவர் பூசணம் பிடிக்கும். "ஜன்னலைத் திறக்குறவன் என் வயித்துல அடிக்கிறவன்" என்று ஊழியர் அறையிலேயே எழுதி ஒட்டியிருந்தார். அதற்காக முதலாளி கையால் மாலைகூட வாங்கியிருக்கிறார். இதையெல்லாம் அவளிடம் விளக்கமாகச் சொன்னார்.

"சரி விடுங்க" என்றாள் அவள்.

"வீட்டுக்குப் போயிடலாமா?"

"வந்துட்டோம், இருந்துட்டுப் போவோம். நீங்க எவ்வளவு ஆசைப்பட்டீங்க."

அந்த வார்த்தையைக் கேட்டு அவர் அப்படியே நின்றுவிட்டார். அவளுக்காக என்றல்லவா அவர் நினைத்துக்கொண்டிருந்தார்!

நேரே கீழே ஒர்க்ஷாப்புக்குப் போனார். "என்ன பெரியவரே, விருந்தாளியா வந்தும் கை அரிக்குதா?" என்று பையன்கள் கலாய்த்தார்கள். "எங்கயோ ஒரு சத்தம்டா, நீங்க வேலை பாக்குற லட்சணம்" என்று பொய் சொல்லி, ஸ்குரூ டிரைவரும் கத்தியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

தான் பூசிய பசையைத் தானே அறுப்பது அத்தனை சுலபமாக இல்லை. அவர் வேலை எப்போதும் கெட்டி. விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது. ஸ்குரூவெல்லாம் துரு பிடித்திருந்தது. கடைசியில் தோளைக் கொடுத்துத் தள்ள, ஜன்னல் முனகிக்கொண்டு திறந்தது.

புழுக்கம் உள்ளே வந்தது. கூடவே கடல் பக்கத்துக் காற்று, ஆட்டோ ஹாரன், ஆணி அடிக்கும் சத்தம், எங்கோ ஒருத்தி பிள்ளையைத் திட்டுகிற குரல். ஏசியை நிறுத்திவிட்டுக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார். அவள் காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கீழே திட்டிக்கொண்டிருந்தவளைக் கேட்டு, "பாவம் அந்தப் புள்ள" என்றாள். அவ்வளவுதான், தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் வேர்வை பூத்து, மாதக்கணக்கில் காணாத தூக்கம்.

ஐஸ்காரர் தன் தொழிலுக்குத் தானே செய்த கெடுதலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் கண்ணாடி மங்கியது. கிரில்லில் முத்து முத்தாக நீர் கட்டியது. அறையின் ஏசியை நிறுத்தினாலும் கட்டிடத்துக்கே ஓடுகிற குழாய் நிற்குமா? கூரையில் ஒரு வட்டம் இருண்டு, சொட்ட ஆரம்பித்தது. சத்தம் அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று துண்டை மடித்துச் சொட்டுக்கு அடியில் போட்டார். அது நனைந்ததும் இன்னொன்று. இருந்த துண்டெல்லாம் தீர்ந்ததும் துணியறை அக்காவுக்குப் போன் போட்டார்.

அவள் துண்டுகளோடு வந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "அண்ணே... நீங்களா?"

"சத்தம் போடாதே. தூங்குறா."

"மூச்சு முட்டுதுன்னு ஒரு நிமிஷம் திறந்ததுக்கு, எங்க துணியறைப் பொண்ணு ஒருத்தியை மேனேஜர் முன்னாடி நிக்க வச்சீங்களே."

அவர் நனைந்த துண்டை எடுத்துப் பிழிந்தார். அக்கா மேற்கொண்டு கேட்கவில்லை. கட்டிலில் கிடந்த முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து பிழிய ஆரம்பித்தாள்.

ஆனால் தண்ணீர் அறைக் கதவோடு நிற்கவில்லை. வெளி வராந்தாவில் நடந்துபோன ஒரு விருந்தாளியின் வழுக்கைத் தலையில் சொட்டியது. அவர் ரிசப்ஷனுக்குப் போய்க் கத்த, சாயங்காலம் மேனேஜர் மேலே வந்தார். புதிதாக வந்தவர், மரியாதை தெரிந்தவர். கதவுக்கு வெளியே நின்றே பேசினார்.

"சார், வேற ரூம் தரேன். ஆனா ஜன்னல் திறக்க முடியாது. இதையும் இப்பவே மூடியாகணும். நீங்க போட்ட ரூல்தான் சார்."

ஐஸ்காரர் யாரிடமும் தலையைச் சொறிந்ததில்லை. சம்பள உயர்வைக்கூடக் கேட்டு வாங்கியதில்லை. இப்போது கை தானாகக் குவிந்தது. "இந்த ஒரு ராத்திரி மட்டும் விடுங்க தம்பி. விடிஞ்சதும் நானே அடைச்சுத் தரேன். அவ தூங்கி ரொம்ப நாளாச்சு."

மேனேஜர் வராந்தாக் கூரையைப் பார்த்தார். ஈரம் பக்கத்து அறை விளக்கு வரைக்கும் போயிருந்தது. "கரண்டு ஒயர்ல இறங்கிடுச்சுன்னா என்ன ஆகும்னு எனக்கு நீங்கதான் சொல்லணும்."

என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். தெரியாதவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

உள்ளே மனைவி விழித்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "என்னங்க, நான் நல்லாத் தூங்கிட்டேங்க. கனவுகூட வந்துச்சு" என்றாள். "போதும், கிளம்புவோம்."

"வேற ரூம் பாக்கலாமாடி?"

"வேணாம். எல்லா ஜன்னலையும் நீங்கதான அடைச்சிருப்பீங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். இரண்டு நாளில் ஒரு நாள்கூட முடியவில்லை.

ஒர்க்ஷாப்பிலிருந்து பசைக் குழாயோடு ஒருவன் வந்து நின்றான். ஐஸ்காரர் அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டார். தான் அறுத்ததை இன்னொருத்தன் மூடுவதா? ஜன்னலை இழுத்தார். ஹாரன் சத்தம் குறைந்தது, ஆணிச் சத்தம் நின்றது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஸ்குரூவை முடுக்கினார். மூலையிலிருந்து பசையை இழுத்துக்கொண்டே வந்தார். கண்ணில் நீர் திரையிட்டது, ஆனாலும் அரைகுறையாக விட அவருக்குத் தெரியவில்லை. எங்கேயாவது மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்தார். இல்லை.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வேலை செய்வதை அவள் நேரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"நல்லாத்தான் செய்றீங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்குள் அவள் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, சுவரில் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தாள்.