சிலுவையின் ஆல்பத்தில் இழுத்தது யார்

யாராவது தன் வாசிப்பைப் புகழ்ந்தால் சிலுவை முதலில் குனிந்து கிட்டாரைத்தான் பார்ப்பார், எதையாவது கழற்றிக்கொண்டு போய்விட்டார்களோ என்று. பேஸ் கிட்டார்காரனை யாரும் சும்மா புகழ மாட்டார்கள் என்பது அவர் முடிவு. பாடுகிறவனுக்குக் கைதட்டல், கீபோர்டுக்காரனுக்குச் சால்வை. ஸ்பீக்கர் பெட்டியை ஒட்டி நின்று தும் தும் என்று வாசித்துக்கொண்டிருப்பவனிடம் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தால், அந்தப் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

இளவயதில் சுற்றுலாக் கப்பலில் வாசித்தார். அங்கே கோவாக்காரர்களின் சகவாசத்தில் ஜாஸ் பிடித்துக்கொண்டது, காய்ச்சல் பிடிப்பது மாதிரி. ஊர் திரும்பியபோது தூத்துக்குடியில் அதை வாசிக்கவும் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. பகலில் துறைமுகத்தில் வேலை, சாயங்காலம் ‘ஆன்டனி செட்’ என்று ஆனது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா. ஆன்டனி டிரம்ஸ் வாசிப்பவர். சிலுவைக்கு ஒத்த வயது, ஒரே தெரு. மேடைக்குப் பின்னால் கட்டும் பேனரில் ஆன்டனி என்ற பெயர் மட்டும் மின்னும். சிலுவையின் பெயர் ஒரே ஒரு நோட்டீஸில் வந்தது. அதிலும் பக்கத்தில் வயலின் படத்தைப் போட்டிருந்தார்கள்.

அறுபதைத் தாண்டிய பிறகு இப்போதுதான் அவர் பெயரில் ஓர் ஆல்பம். எல்லாம் அவரே கட்டிய ஜாஸ் மெட்டுகள். பியானோவுக்கு ஜெயசிங், டிரம்ஸுக்கு ஆன்டனி. மூணாவது மைலில், கல்யாண வீடியோ எடுக்கும் வேல்ராஜின் மாடி ஸ்டுடியோவில் பதிவு. சிலுவை கேட்டதும் ஆன்டனி மறுபேச்சில்லாமல், “வாரேன்” என்று சொன்னார். அந்த மறுபேச்சில்லாததுதான் சிலுவைக்கு இடித்தது. இத்தனை வருஷம் தன் பெயரில் செட் நடத்தியவன், இன்னொருவன் பெயருக்குப் பின்னால் உட்கார இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பானா?

கடைசி மெட்டுக்கு ‘புதுக்கோட்டை பஸ்’ என்று பெயர். திருநெல்வேலி ரோட்டில் பக்கத்து ஊரான புதுக்கோட்டைக்கு யாருக்கும் நிற்காமல் பறக்கும் தனியார் பஸ்ஸை நினைத்துக் கட்டியது, பறந்தால்தான் பாட்டு. மற்றதெல்லாம் நிதானமான மெட்டுகள், பிரச்சினையில்லாமல் முடிந்துவிட்டன. இதுவோ கிளம்பும்போது வேகமாகக் கிளம்பி, பாதியில் சோர்ந்து, கடைசியில் நொண்டியது. திரும்ப வாசித்தார்கள். திரும்பவும் நொண்டியது.

“அண்ணாச்சி, காதுல கிளிக் சத்தம் போட்டு விடட்டா? அதக் கேட்டு வாசிச்சா வேகம் மாறாது” என்று வேல்ராஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்.

“ஜாஸுக்கு என்னத்துக்குடே கிளிக்கு? மனுசன்தானே வாசிக்கான்” என்றார் சிலுவை. சொல்லும்போது ஆன்டனியைப் பார்த்தார். ஆன்டனி குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாத முகம் சிலுவைக்கு எப்போதும் ஆகாது.

டீ குடிக்க இறங்கியபோது ஜெயசிங் பக்கத்தில் வந்தான். “அண்ணாச்சி, தப்பா நினைக்காதிய. ஆன்டனி அண்ணாச்சி வேற வர்ற வாரம் மஸ்கட்டுக்கு மகன் வீட்டுக்குப் போறாவ. முடியலேன்னா டிரம்ஸ நான் கீபோர்டுலயே போட்டுருதேன். யாருக்கும் தெரியாது.”

யாருக்கும் தெரியாது என்று இவன் ஏன் ரகசியமாகச் சொல்கிறான்? அந்த இடத்தையும் தானே பிடிக்கப் பார்க்கிறானோ? சிலுவை டீயைப் பாதியிலேயே கொட்டினார்.

வீட்டில் மனைவி ஜாயிடம் சொன்னார். “வேணும்னேதான் வேகத்தப் பின்னால இழுக்கான். என் பேருல வாரது அவனுக்குப் பொறுக்கல.”

ஜாய் மீன் செதில் உரசிக்கொண்டே சிரித்தாள். “குசினிக்குள்ள பூனை வந்தாலும் ஆன்டனி அண்ணன் அனுப்பிவிட்டதும்பிய. நேராக் கேட்டா என்னவாம்?”

“நேராக் கேட்டா ஒத்துக்கிடுவானா? கையும் களவுமா பிடிக்கணும்.”

மறுநாள் காலையில் வேல்ராஜைத் தனியே அழைத்தார். யூடியூபில் போட என்று சொல்லி, கேமராவை ஆன்டனிக்கு எதிரே வைக்கச் சொன்னார். “காலும் தெரியணும், கையும் தெரியணும், முகமும் தெரியணும்.” கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக்கூட யாரும் இப்படி எடுக்கச் சொன்னதில்லை. வேல்ராஜ் சுவரோடு சுவராகக் கேமராவை வைத்தான். அறை சின்னது, ஆன்டனியோடு சிலுவையும் படத்துக்குள் வந்தார். அதைச் சிலுவை யோசிக்கவில்லை.

வாசித்தார்கள். பஸ் பாதி வழியில் நின்றது.

“இது புதுக்கோட்டை போகாதுல. பாலத்துலயே பஞ்சராயி நிக்கி” என்றார் ஆன்டனி.

‘சொல்லிக்கோ, சொல்லிக்கோ’ என்று மனசுக்குள் நினைத்தபடி சிலுவை, எடுத்த படத்தைப் பார்க்க அறை மூலையிலிருந்த கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஆன்டனியை அனுப்பிவிடும் வாக்கியம்கூட அவரிடம் தயாராக இருந்தது. ‘உனக்கு ஊருக்குப் போற அலைச்சல், நீ போயிட்டு வா.’ மரியாதையாகவும் இருக்கும், உறவும் முறிந்துபோகும்.

படம் ஓடியது. ஆன்டனியின் கண் டிரம்ஸில் இல்லை. இமைக்காமல் சிலுவையின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அசைந்த பிறகுதான் அவருடைய கால் மிதித்தது. சரி, சிலுவை? சிலுவையின் கண் ஆன்டனியின் கால்மேல் இருந்தது. அந்தக் கால் மிதித்த பிறகுதான் அவருடைய விரல் அடுத்த தந்திக்குப் போனது. இரண்டு பேரும், மற்றவர் முதலில் போகட்டும் என்று காத்து நின்றார்கள். வாசலில் ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று நிற்கும் சம்பந்திகளைப் போல.

வேல்ராஜ் இருமினான்.

“என் கைய ஏம்ல பாக்க?” என்றார் சிலுவை. குரல் எதிர்பார்த்தபடி வரவில்லை.

“யாரு பேரு போர்டுல இருக்கோ அவன் கையப் பாக்கணும். நம்ம செட்டுல எல்லாரும் என்னத்தானே பாத்திய? இப்போ நீதானே லீடர்?”

“நான் உன் காலைத்தாம்ல பாப்பேன். டிரம்ஸ்காரன் காலப் பாத்து வாசிக்கது கப்பல்ல இருந்தே பழக்கம்.”

“அப்போ ரெண்டு பேருமா சேந்துதான் இழுத்திருக்கோம்.” ஆன்டனி குச்சிகளை மடியில் வைத்தார். “நான் என்ன நெனச்சேன் தெரியுமால? என்னைக் கழட்டிவிட நீதான் வேணும்னே இழுக்கேன்னு நெனச்சேன். மஸ்கட்டு டிக்கெட்ட முன்னால மாத்திரலாமான்னுகூட மகன்ட்ட கேட்டேன்.”

தயாராக வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டுச் சிலுவை கிட்டாரை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜெயசிங் பியானோவின் மேலிருந்த தூசியை ரொம்ப அக்கறையாகத் துடைத்தான்.

“சரி, எண்ணு, ஆரம்பிப்போம்” என்றார் சிலுவை.

“நான் எண்ண மாட்டேன். உன் பாட்டு எவ்வளவு வேகம்னு எனக்கெப்படித் தெரியும்? நீ எண்ணு.”

வாழ்நாளில் சிலுவை வாய்விட்டு எண்ணி ஒரு பாட்டைத் தொடங்கியதில்லை. எப்போதும் யாரோ எண்ணுவார்கள், இவர் சேர்ந்துகொள்வார். நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வெளியே உப்பு லாரி ஹாரன் அடித்து ஓயும்வரை பொறுத்தார். பிறகு, கம்மிய குரலில், யாரையோ திட்டுவது போல எண்ணினார்: “ஒன், டூ... ஒன், டூ, த்ரீ, ஃபோர்!”

நினைத்ததைவிட வேகமாக எண்ணிவிட்டார். ஜெயசிங் இரண்டு இடங்களில் தடுக்கி, எழுந்து ஓடி வந்து சேர்ந்துகொண்டான். பின்னாலிருந்து ஆன்டனியின் சத்தம் முதுகைத் தள்ளியது. சிலுவை திரும்பவில்லை. திரும்பினால் மறுபடி காத்து நிற்கத் தோன்றும். பாட்டு ஒரே மூச்சில் ஓடி முடிந்தது.

“இது ஓகே அண்ணாச்சி” என்றான் வேல்ராஜ். “முன்னால நீங்க எண்ணினத மட்டும் வெட்டிருதேன்.”

சிலுவை சட்டென்று திரும்பினார். “ஏன் வெட்டணும்? யாரு சொன்னா?”

“யாரும் சொல்லலியே. வழக்கமா வெட்டுறதுதான்.”

சிலுவை ஆன்டனியைப் பார்த்தார், பிறகு ஜெயசிங்கை, பிறகு மறுபடி வேல்ராஜை.

“வெட்டாத. அது கிடக்கட்டும்” என்றார்.