தோட்டாவின் அடியில் பார்த்தது

ராஸ் அல் கைமாவில் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் என் கணவருக்கும் எனக்கும் வேலை. ரைபிள் தோட்டாக்களில் வெடிமருந்தை அளந்து நிரப்பி, சுட்டுச் சோதிப்பது அவர். சுட்ட பித்தளைக் கூடுகளை லென்ஸில் பார்ப்பது நான். உள்ளே எவ்வளவு அழுத்தம் ஏறியது என்று காட்ட எங்களிடம் கருவி இல்லை. கூட்டின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடியான பிரைமரின் விளிம்பு உருண்டு இருந்தால் நிம்மதி. தட்டையாகிப் பரவியிருந்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டதோ என்று சந்தேகம். அதுவும் உறுதியில்லை, நல்ல தோட்டாவிலும் சில சமயம் அப்படி இருக்கும்.

எனக்கு எல்லாமே தட்டையாகத்தான் தெரியும். மகள் தும்மினாலே மூன்று முறை காய்ச்சல் பார்ப்பவள் நான். ஒரே வாரத்தில் இரண்டு தடவை நான் நிறுத்தச் சொன்னதால், அவர் எல்லாத் தோட்டாக்களையும் பிரித்து மருந்தை எடை போட்டார். இரண்டு தடவையும் அளவு சரி. கிளப்பே சிரித்தது.

அது ஜூன் மாதம். ஜனவரிக் குளிரில் சோதித்துத் தேர்ந்த அதே அளவைத்தான் நிரப்பியிருந்தார். பெட்டி காலையிலிருந்து வெயிலில் இருந்தது. சூட்டில் அழுத்தம் கூடும் என்பது இருவருக்கும் தெரியும். நாலாவது தோட்டாவுக்குப் பின், கூட்டை வெளியே எடுக்கத் துப்பாக்கியின் போல்ட்டைத் திறக்க அவர் கொஞ்சம் பலம் கொடுத்தார். கூட்டை வாங்கிப் பார்த்தேன். பிரைமருக்கு விளிம்பே இல்லை.

"ஏட்டி, நிறுத்தணும்னா இப்பவே சொல்லு. பொறவு பொலம்பாத."

"தெரியலங்க. சரியாத்தான் இருக்கும்."

ஏசி அறையிலிருந்து வந்ததில் அவருடைய பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார். அதையும் பார்த்தேன். இன்னொரு குறை சொல்ல வேண்டாமென்று இருந்துவிட்டேன்.

ஐந்தாவது தோட்டாவின் அடி பிய்ந்தது. பின்பக்கமாகச் சீறிய வாயுவும் பித்தளைத் துணுக்கும் அவருடைய வலது கண்ணில் பாய்ந்தன.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள், கட்டுக்குள்ளிருந்து கேட்டார். "அந்த நாலாவதுல என்ன கண்ட?"

பொய் சொல்லியிருக்கலாம். தட்டையாக இருந்தது என்றேன்.

கோபமே இல்லாமல், "நான் கேட்டேன்லா" என்றார்.

அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை. அவரை வரவேற்பு மேசைக்கு மாற்றிவிட்டார்கள். லென்ஸ் இன்னும் என்னிடம்தான். தினமும் எதையாவது நிறுத்தச் சொல்கிறேன். உடனே நிறுத்துகிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.