பிளக்குக்கு இட்ட சந்தனம்

என் கணவர் யுத்த வேலையாக டில்லிக்குப் போனபின், செம்பூர் வீட்டில் நானும் கைக்குழந்தையும்தான். போகுமுன் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆயுதபூஜைக்குக் காருக்குப் பொட்டு வைப்பது அவர் வழக்கம். இம்முறை நான் வைத்தேன். எதையாவது விட்டுவிட்டால் குறை வருமோ என்று பயந்து, பானட்டைத் திறந்து, இன்ஜினில் பொறி தரும் பிளக்குகளுக்கும் சந்தனத்தைக் குழைத்துத் தடிப்பாக இட்டேன்.

மறுநாள் காலை குழந்தைக்கு ஜுரம் கொதித்தது. மாதுங்கா டாக்டரிடம் கிளம்பினேன். ஆரம்பத்திலேயே இன்ஜின் விக்கியது. பெட்ரோல் மட்டமோ என்று நினைத்தபடி ஓட்டினேன். சயான் அருகே ஏற்றத்தில் நின்றேவிட்டது.

அவர் சொன்னது நினைவு வந்தது: "ஒவ்வொரு ஒயரா கழட்டிப் பாரு. எதைக் கழட்டினா சத்தம் மாறலையோ, அந்த பிளக்குதான் வேலை செய்யலை."

மறுபடி கிளப்பி, காய்ந்த துணியால் ஒயர்களைப் பிடித்துக் கழற்றிப் பார்த்தேன். இரண்டில் சத்தம் மாறவில்லை. தோல் மூட்டையுடன் தாராவிப் பக்கம் போன ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"யம்மா, இன்ஜினுக்கு உள்ளயுமா பொட்டு வச்சிருக்கிய? அதாம்லா அதுக்குத் தும்மல் வருது!"

அப்போதுதான் உறைத்தது. காயாத சந்தனத்தின் ஈரத்தில் மின்சாரம் வெளியே கசிந்து, பிளக்கில் பொறி விழாமல் போயிருக்கிறது. இன்ஜினை நிறுத்திப் பிளக்குகளைத் துடைத்தேன், மறுபடி கிளப்பியதும் சீராக ஓடியது. குழந்தைக்குச் சாதாரண ஜுரம்தான் என்றார் டாக்டர்.

வீட்டில் அந்தத் தும்மலைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. குழந்தையிடம் சொன்னேன், அது தூங்கிவிட்டிருந்தது.

இப்போதெல்லாம் பானட்டின் மேலே ஒரே பொட்டுதான் வைக்கிறேன். குறை வருமோ என்ற பயம் மட்டும் அவர் திரும்பும்வரை போகாது.